மூன்றாம் மாடிக் கட்டில்

அத்தியாயம் 9

பதவி வந்தால் தலை கனக்கும் என்பார்கள். சலவைக்கடைக்காரிக்குக் கால்தான் கனத்தது.

காலையிலிருந்து இஸ்திரி மேஜையை விட்டு நகரவில்லை. ஓட்டல்காரர்களின் மேஜை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. ஒன்றைத் தேய்த்து மடித்தால் இரண்டு முளைத்த மாதிரி இருந்தது. முதுகுக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், சேவைச் சங்கத்தின் சாமான்கள். சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், வாக்கர்கள், கழற்றிச் சுவரோரம் சாத்திய இரும்புக் கட்டில்கள். நோயாளி இருக்கும் வீட்டுக்கு இரவல் கொடுப்பதும், தேவை தீர்ந்தபின் வாங்கி வந்து துடைத்து வைப்பதும்தான் சங்கத்தின் வேலை. வைக்க வேறு இடம் இல்லாததால் அவள் கடையின் பாதி எப்போதோ சங்கத்துக்குப் போய்விட்டது.

மீதிப் பாதியும் போய்விட்ட கதை உங்களுக்குத் தெரியும். தலைவராக இருந்த மருந்துக்கடைக்காரர் மகள் வீட்டோடு இருக்கப் போகிறேன் என்று மூட்டை கட்டினார். அடுத்த தலைவர் யார் என்ற கேள்வி வந்ததும் அத்தனை பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். தையல்காரர்தான், “கட்டிலெல்லாம் அக்கா கடையில இருக்கு. அக்காவே இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். டீ ஊற்றிக்கொண்டிருந்தவள், சர்க்கரை போதுமா என்று கேட்டதற்குத் தலையாட்டுவதுபோல் இதற்கும் தலையாட்டிவிட்டாள். சங்கத்துக்குப் பதினெட்டு வருடமாகச் செயலாளராக இருக்கும் அவள் கணவர், அதை அழகான கையெழுத்தில் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் “தலைவி அவர்கள்”. தலைவி அவர்கள் சாப்பிட்டாச்சா. தலைவி அவர்கள் அந்தத் துண்டை எங்கே வைத்திருக்கிறார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டதே என்று நினைத்துக்கொள்வாள். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சொன்னால் அதற்கும் ஒரு விதி எடுத்துக் காட்டுவார்.

மதியம் சாப்பிட உட்காரும் நேரத்தில் போன் வந்தது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் பஸ் டிரைவரின் மனைவி.

“அக்கா, இன்னைக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. சாயங்காலம் ஆம்புலன்ஸ்ல வர்றோம்.”

“நாளைக்கழிச்சுன்னு சொன்னீங்களேம்மா.”

“அந்தப் படுக்கைக்கு வேற ஆள் வந்துட்டாராம்.”

“உங்க வீடு எத்தனாவது மாடி?”

“மூணாவதுக்கா.”

“லிஃப்ட் இருக்கா?”

“இல்லைக்கா. ஆம்புலன்ஸ்காரங்க அவரை மேல தூக்கிட்டு வந்துடுவாங்க. ஆனா தரையில மட்டும் படுக்க வெச்சுடாதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். கட்டில் இல்லாட்டி நான் எங்கக்கா படுக்க வைப்பேன்?” என்றாள். குரல் அழவில்லை. அழுது முடித்த குரல்.

“கட்டில் வந்துடும். நீங்க அவரைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தை மறுபடி மூடினாள்.

செயலாளர் பில் மேஜையில் இருந்தார். தபால் அலுவலகக் கவுண்டரில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். வரிசையில் நிற்காதவனுக்குத் தபால்தலை கிடையாது என்பதுதான் அவருடைய வேதம். விஷயத்தைக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து சங்கத்தின் பேட்ஜை எடுத்துக் குத்திக்கொண்டு, உறுப்பினர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார்.

ஒருவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்று நாள். இன்னொருவர் பேத்தியைப் பார்க்கப் போயிருந்தார். மற்றொருவர், “தூக்கறதைத் தவிர எது வேணாலும் சொல்லுங்க, செய்யறேன்” என்றார். நான்காவது ஆள் போனை எடுக்கவே இல்லை. கடைசியில் தையல்காரர் மட்டும் வருவதாகச் சொன்னார். தொழிலையும் உடம்பையும் சேர்த்து அவருக்கு ‘ஊசி’ என்று பெயர். அவர் இரண்டு தலையணையைத் தூக்கினாலே பார்ப்பவருக்கு மூச்சு வாங்கும்.

“ரொட்டிக்காரரைக் கூப்பிடலாமே” என்றாள் அவள். “லிஃப்ட் மெக்கானிக்கையும்.”

“அவங்க உறுப்பினர் இல்லை.”

“போன மாசம் வரைக்கும் இருந்தாங்க.”

“தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வராதவங்க பேரை எடுக்கணும். நான் எழுதின விதியா அது? நான் பிறக்கிறதுக்கு முன்னாடி எழுதினது.”

ரொட்டிக்காரர் ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நிற்பவர். மெக்கானிக்கை ஞாயிற்றுக்கிழமையில்தான் ஊரெல்லாம் கூப்பிடும். கூட்டம் ஞாயிறு காலை. இதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்துதான் இரண்டு பெயரையும் அறிவிப்புப் பலகையில் அடித்தார். சங்கத்தில் கட்டில் தூக்குகிற முதுகு அந்த இரண்டுதான் என்பதும் அவருக்குத் தெரியும்.

“அப்ப யார் தூக்கறது?”

“நானும் ஊசியும் போறோம். கட்டில்தானே, யானையா?”

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. ஓட்டல்காரர்கள் விரிப்புகளை எடுக்க வரும் நேரம் வேறு. இரண்டு பேருமாகக் கட்டிலை வேனில் ஏற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஏற்றவே அவர்கள் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தார்கள். அப்போதே தடுத்திருக்க வேண்டும். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டால், முப்பது வருடக் குடித்தனத்தில் எதைத் தடுத்து என்ன நின்றது என்றுதான் சொல்வாள்.

விரிப்பில் பாதிகூட முடியவில்லை. ஊசியின் போன் வந்துவிட்டது. யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் தணிந்த குரல்.

“அக்கா, முதல் மாடித் திருப்பத்துல நிக்கறோம்.”

“நின்னு?”

“நிக்கறோம். மேலயும் போகலை, கீழயும் வரலை.”

“அவர் என்ன சொல்றார்?”

“ஒண்ணும் சொல்லலை. அதான் பயமா இருக்கு.”

அவள் இஸ்திரிப்பெட்டியை அணைத்தாள். ஓட்டல்காரர்களுக்குப் போன் செய்து, மீதி நாளை என்று சொல்லி, அவர்கள் சொன்னதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடையைப் பூட்டிவிட்டுத் தெருவில் நடந்தபடியே மருமகளுக்குப் போன் போட்டாள்.

மகனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி கடலில். மருமகள் ஒரு கூரியர் அலுவலகத்தில் இருந்தாள். எந்தப் பார்சல் எந்த வண்டியில் போக வேண்டும், எந்த ஆள் எந்தத் தெருவில் நிற்கிறான் என்று பத்துத் திரையைப் பார்த்துப் பிரித்து அனுப்புகிற வேலை. மாமியார் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நீங்க அங்க போங்கத்தை. ஆள் நான் அனுப்பறேன்.”

“யாரை?”

“யார் முதுகு நல்லா இருக்கோ அவங்களை.”

“உங்க மாமாவுக்குத் தெரிஞ்சா...”

“மாமாவுக்குத் தெரியறப்போ கட்டில் மேல போயிருக்கும்.”

ஆனால் அப்படி நடக்கவில்லை.

அது பழைய கட்டிடம். படிக்கட்டில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முதல் மாடித் திருப்பத்தில் கட்டிலின் நடுச்சட்டம் கைப்பிடிக் கம்பிக்கும் சுவருக்கும் இடையில் கோணலாகச் சிக்கி நின்றது. ஊசி கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, சட்டை உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. செயலாளர் மட்டும் மேல் பக்கத்தை இரண்டு கையாலும் தாங்கியபடி நின்றார். விட்டால் சரிந்துவிடும் என்று நிற்கிறாரா, விட்டால் தோற்றுவிட்டதாக ஆகும் என்று நிற்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“சாண் ஏறினா முழம் சறுக்குதுக்கா” என்றார் ஊசி.

அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். கணவருக்கும் நீட்டினாள். அவரால் கையை எடுக்க முடியவில்லை. அவளே வாயில் ஊற்றினாள். குடித்தார்.

கீழே செருப்புச் சத்தம். ரொட்டிக்காரர் முன்னால் வந்தார், தூக்கம் கலையாத கண்ணும் அழுந்திய தலையுமாக. பின்னால் மெக்கானிக், இடுப்பில் கருவிப் பை. அதற்கும் பின்னால் ரொட்டிக்காரரோடு அடுப்பில் வேலை செய்யும் ஒருவர். அவரை இவர்கள் யாரும் பார்த்ததே இல்லை.

“லிஃப்ட் இல்லாத கட்டிடத்துக்கு என்னை எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு கேட்டேன்” என்றார் மெக்கானிக். “நீதான் லிஃப்ட்டுன்னு சொல்லுது உங்க மருமக.”

ஊசி சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை.

“யாரும் தொடாதீங்க” என்றார்.

படிக்கட்டே நின்றுபோனது.

“உறுப்பினர் இல்லாதவங்க சங்கப் பொருளைத் தூக்கக்கூடாது. வழியில கட்டில் கால்ல விழுந்தா யார் பதில் சொல்றது? இவர் யாருன்னே எனக்குத் தெரியாது.”

அவர் அதை வீம்புக்கு மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியும். பல வருடம் முன்பு, வழியோடு போன ஒருவர் உதவுகிறேன் என்று சங்கத்துக் கட்டில் ஒன்றைப் பிடித்துக் கால் விரலை நசுக்கிக்கொண்டார். மறுநாள் அவர் வீட்டு ஆட்கள் கடை வாசலில் வந்து நின்று கத்தினார்கள். அன்றைக்குத் தலைவர் ஊரில் இல்லை. உறுப்பினர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. செயலாளர் ஒருவர்தான் வாசலில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டார். அந்த வாசலை அவர் இன்னும் விட்டு வரவில்லை.

ரொட்டிக்காரருக்கு அது தெரியாது. “பலகையில என் பேரை அடிச்சீங்க ஐயா. பேரு போனா போகட்டும், கை இருக்குல்ல?” என்றார். “தூங்கிட்டிருந்தவனை எழுப்பி வரச் சொல்லிட்டு, இப்போ தொடாதேன்னா என்ன அர்த்தம்? நான் உங்களுக்காக வரலை. அக்காவுக்காக வந்தேன்.”

“அப்படின்னா அக்கா வீட்டுச் சாமானைத் தூக்குங்க. இது சங்கத்துது.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மேலே மூன்றாம் மாடியில் யாரோ சாமான்களை நகர்த்திக் கட்டிலுக்கு இடம் செய்துகொண்டிருந்தார்கள். தரையில் எதையோ இழுக்கும் ஓசை கேட்டது.

முப்பது வருடத்தில் நாலு பேர் முன்னால் அவர் பேச்சை அவள் மறுத்ததில்லை. வீட்டில் மறுத்திருக்கிறாள், கதவைச் சாத்திவிட்டு. இங்கே சாத்துவதற்குக் கதவு இல்லை. உடம்பில் ஒரு துளி பலம் மிச்சம் இருந்திருந்தால் நயமாகப் பேசி, அவர் சொல்வதுபோலவே நடப்பதாக அவரை நம்பவைத்து, காரியத்தை முடித்திருப்பாள். இன்று அதற்கும் பலம் இல்லை.

“என்னங்க, பொறுப்பு எனக்கு” என்றாள்.

“என்ன?”

“யாருக்கு அடிபட்டாலும் என் கடை வாசல்ல வந்து கேக்கட்டும். நான் நின்னு பதில் சொல்றேன். நீங்க கையை எடுங்க.”

அவர் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கவுண்டருக்கு வெளியே நிற்கும் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு ரொட்டிக்காரர் மெதுவாக இரண்டு படி ஏறி, அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையைக் கொடுத்தார். செயலாளர் ஒவ்வொரு விரலாக விட்டார்.

மெக்கானிக் சட்டத்தை ஒரு தடவை அளந்து பார்த்தார். “படுக்க வெச்சா போகாது. நிறுத்தணும்” என்றார். மூன்று பேருமாகச் சட்டத்தை நெட்டுக்குத்தலாக நிறுத்தித் திருப்பத்தில் சுற்றினார்கள். சுவரில் கொஞ்சம் சுண்ணாம்பு பெயர்ந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு கட்டில் போன வேகத்தைப் பார்த்தபோது, இதற்காகவா இவ்வளவு என்று இருந்தது அவளுக்கு. அவளும் ஊசியும் மெத்தையை இழுத்துக்கொண்டு பின்னால் ஏறினார்கள். செயலாளர் படி இறங்கிப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

ஆம்புலன்ஸ் வந்தபோது கட்டிலில் அவள் கையால் தேய்த்த விரிப்பு விரித்தாகிவிட்டது. டிரைவரைக் கிடத்தினார்கள். கனத்த உடம்பு, வலியில் சுருங்கிப்போயிருந்தது. கைப்பிடியைச் சுழற்றித் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தியதும், ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது போலிருக்கிறது. “நம்ம ரூட் வண்டி போகுது பார்” என்றார் மனைவியிடம். அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் முதல்முறையாக உட்கார்கிறாள் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

இறங்கும்போது ரொட்டிக்காரரைச் சலவைக்கடைக்காரி படியில் நிறுத்தினாள்.

“ஐயா பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க.”

“வெச்சுக்கலைக்கா. ஆனா திரும்பச் சேருன்னு மட்டும் சொல்லாதீங்க. நானும் அந்தக் கூட்டத்துக்கு நாலு தடவை வந்து பார்த்தேன். நாலு தடவையும் தூங்கிட்டேன். ஐயா அதையும் குறிப்புல எழுதினார். தூக்கறதுக்குக் கூப்பிடுங்க, வர்றேன். பேட்ஜ், உறுதிமொழி, பொன்னாடை எதுவும் வேண்டாம்.”

“ஆளாளுக்கு நினைச்சப்போ வந்து நினைச்சப்போ போனா, அது சங்கமா?”

“தெரியலைக்கா. அதைத் தலைவிதான் சொல்லணும்.” அவர் கேலியாகச் சொல்லவில்லை. கொட்டாவி விட்டபடி போய்விட்டார். அவர் அடுப்பு மூட்டும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வேனில் வரும்போது ஊசியை அவர் வீட்டில் இறக்கி, உள்ளே போய்ப் படுக்கும்வரை பார்த்துவிட்டு வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் செயலாளர் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. பேட்ஜ் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. கை இரண்டும் மணிக்கட்டு வரை சிவந்து மடியில் கிடந்தன. கட்டிலைத் தாங்கி நின்ற கை.

அவள் வெந்நீரில் துணியை நனைத்துக் கொண்டுவந்து அவர் மணிக்கட்டில் சுற்றினாள். அவர் தடுக்கவில்லை.

“உன்னை ஒண்ணு கேக்கணும்” என்றார்.

“கேளுங்க.”

“அன்னைக்குக் கூட்டத்துல ஊசி உன் பேரைச் சொன்னான். சரி. அவன் சொல்றதுக்கு முன்னாடி எல்லாரும் சும்மா உக்காந்திருந்தோமே, அப்போ நீ ஏன் என் பேரைச் சொல்லலை?”

அவள் கை நின்றது. இத்தனை நாள் “தலைவி அவர்கள்” என்றதெல்லாம் இதுதானா?

“பதினெட்டு வருஷம். ஒரு கூட்டம் விட்டதில்லை. காய்ச்சலோட போயிருக்கேன். எவனும் சொல்லாட்டி பரவாயில்லை. நீ சொல்லியிருக்கலாம்.”

பொய் சொல்லலாம். நினைவில்லை என்று சொல்லலாம். டீ ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை. ஆனால் பொய்யை அலங்காரம் பண்ணுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

“நீங்க தலைவரா இருந்தா இன்னைக்கு அந்தக் கட்டில் மேல போயிருக்காதுங்க” என்றாள். “அன்னைக்கே எனக்கு அது தெரியும். அதான் சொல்லலை.”

அவர் தலையை மட்டும் அசைத்தார். ரசீதைச் சரிபார்த்து வாங்கிக்கொள்வதுபோல். மணிக்கட்டிலிருந்த துணியைத் தானே அவிழ்த்து மடித்து அவள் கையில் கொடுத்தார். எழுந்து உள் அறைக்குப் போகும்போது வாசற்படியில் நின்றார்.

“வர்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வரலை.”

கதவு சாத்திக்கொண்டது. ஓசையில்லாமல், மெதுவாக.

மருமகள் வேலை முடிந்து வந்தபோது மாமியார் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பையை வைத்துவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே மாமியாரின் காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள்.

“மாமா?”

“படுத்திருக்கார்.”

“கோபமா?”

“கோபம்னா நாளைக்குச் சரியாயிடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரலைன்னு சொல்லிட்டார்.”

மருமகள் தன் போனைக் காட்டினாள். “அத்தை, மத்தியானம் ஆள் தேடினப்போ எங்க ஆபீஸ்ல டெலிவரிக்குப் போறவங்க கிட்டயும் கேட்டிருந்தேன். இன்னைக்கு யாராலயும் வர முடியலை. ஆனா இப்போ ஒவ்வொருத்தரா கேக்கறாங்க, அடுத்த தடவை சொல்லுங்க, வர்றோம்னு. வண்டி வெச்சிருக்காங்க, மாடி ஏறுவாங்க. ஆனா ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், உறுதிமொழி அதெல்லாம் சொன்னா ஓடிடுவாங்க. என்ன பதில் போடட்டும்?”

அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். யார் எவர் என்று தெரியாத ஆட்களை ஒரு வீட்டின் படுக்கையறை வரைக்கும் அனுப்புவது எப்படி? கூட்டமே வேண்டாம் என்றால் யாரை யார் அறிவது? ஊசிக்கு இன்று ஏதாவது ஆகியிருந்தால்? கணவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நியாயம் இருந்தும் கட்டில் படிக்கட்டிலேயே நின்றதே. யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்பதற்கு மேலே யாரும் இல்லை. பொறுப்பு எனக்கு என்று அவளே சொல்லியாகிவிட்டது.

“கூட்டம் வேணும்” என்றாள். “மூஞ்சி பார்க்காம ஒருத்தரையும் அனுப்ப முடியாது. ஆனா ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அதை எடுத்துடலாம்.”

“அப்போ எப்போ?”

“ரொட்டிக்காரர் எப்போ தூங்கி எழுந்திருக்கார்னு கேளு. மெக்கானிக்குக்கு எந்த நாள் ஒழிவுன்னு கேளு. உங்க ஆளுங்களையும் கேளு. அதுக்கு ஏத்த மாதிரி வெச்சுக்கலாம். கடையிலயே. கட்டிலைப் பிரிச்சுக் கோக்கத் தெரியணும்ல, அதைச் செஞ்சுக்கிட்டே பேசலாம்.”

“மாமா ஞாயிற்றுக்கிழமை வரலைன்னு...”

“ஞாயிற்றுக்கிழமை கூட்டமே இல்லையே. அப்புறம் அவர் எப்படி வராம இருப்பார்?”

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனில் தட்ட ஆரம்பித்தாள். சலவைக்கடைக்காரி சுவரில் சாய்ந்தாள். நாளைக்குக் காலையில் ஓட்டல்காரர்கள் வந்து நிற்பார்கள். மீதி விரிப்புகள் அப்படியே கிடந்தன.

உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழுந்து உட்காரும் சத்தம். பிறகு சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து செயலாளரின் குரல் வந்தது, கவுண்டருக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் கறாராக.

“கூட்டத் தேதியை மாத்தறதா இருந்தா ஏழு நாள் முன்னாடி அறிவிப்பு கொடுக்கணும்.”

மருமகள் தட்டுவதை நிறுத்திவிட்டு மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கதவைப் பார்த்தாள். அது கூடாது என்கிற பேச்சா, இல்லை, அறிவிப்பை எழுதக் காகிதம் கேட்கிற பேச்சா? முப்பது வருடம் கேட்டுப் பழகிய குரல்தான். ஆனால் இன்று அவளால் சொல்ல முடியவில்லை.